திறந்து பார்க்கும்படி ஒரு ரெப்போ

வெப் டெவலப்பர் வேலைக்கு வருபவர்களின் கிட்ஹப் பக்கங்களைச் சில ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அதற்கு முன் நானும் அப்படியொரு பக்கத்தை வைத்துக்கொண்டு சென்னையில் வேலை தேடியவன்தான். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எத்தனை ப்ராஜெக்ட் என்று யாரும் எண்ணுவதில்லை. ஏதோ ஒன்றைத் திறந்து, இவர் எப்படி யோசிக்கிறார் என்றுதான் தேடுகிறோம்.

டு-டூ லிஸ்ட், வானிலை ஆப் எல்லாம் கை பழகுவதற்கு நல்லவை. ஆனால் வீடியோவைப் பார்த்துச் செய்ததில் நீங்கள் எடுத்த முடிவு என்று ஒன்றும் இருக்காது.

எனக்கு வேலை வாங்கித் தந்தது ஒரு சின்னக் கருவி, தமிழ் எழுத்துகளை எண்ணுவது. ஜாவாஸ்கிரிப்டிடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்கிறது. நம் கணக்கில் 3 எழுத்துதான். ‘மி’யில் வரும் கொக்கியையும் ‘ழ்’ மேலுள்ள புள்ளியையும் யூனிகோட் தனித்தனியாக வைப்பதால் வரும் வினை இது. ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள செக்மென்டர் வசதியைக் கொண்டு பிரித்தால் சரியாக 3 வரும். ஆனால் ‘க்ஷ’வை அது இரண்டாக உடைக்கும், அதற்குத் தனி விதி எழுதினேன். இன்டர்வியூவில் பாதி நேரம் இதிலேயே போனது. செக்மென்டர் இல்லாத பழைய பிரவுசரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். நானே மல்லுக்கட்டிய விஷயம் என்பதால் பதில் தயாராக இருந்தது. உங்கள் ஊர்க் கடைக்கோ, அப்பாவின் தொழிலுக்கோ உதவும் ஒன்றைச் செய்து பாருங்கள். இப்படிப்பட்ட கேள்விகள் தானாக வரும்.

ரீட்மீ எழுதாமல் எதையும் வெளியே காட்டாதீர்கள். லைவ் லிங்க் முதல் வரியில் இருக்கட்டும். கிட்ஹப் பேஜஸில் ஸ்டாட்டிக் தளத்தை இலவசமாகவே ஏற்றலாம். என்ன பிரச்சினைக்காகச் செய்தது, எப்படி ஓட்டுவது, எது இன்னும் பாக்கி, இவ்வளவு போதும். பாக்கியை மறைக்காமல் எழுதுபவர்மேல் எனக்குத் தனி மரியாதை. லிங்கை அனுப்புமுன் விலை குறைந்த போன் ஒன்றில் திறந்து பாருங்கள். மவுஸைத் தொடாமல் டேப் விசையாலேயே எல்லா பட்டனுக்கும் போக முடிகிறதா என்றும் பாருங்கள்.

கமிட் செய்திகளையும் படிக்கிறோம். ‘ஃபிக்ஸ்’, ‘ஃபைனல்’ என்று வரிசையாக இருந்தால் ஒன்றும் புரியாது. எதை ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஏபிஐ சாவி தவறிப்போய் ரெப்போவில் ஏறிவிட்டால், அந்த ஃபைலை அழிப்பதால் பயனில்லை. கிட் வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். முதலில் அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டுப் புதிது எடுங்கள்.

உங்கள் கிட்ஹப் பக்கத்தில் 6 ரெப்போ வரை ‘பின்’ செய்து முன்னால் காட்டலாம். ஆறையும் நிரப்ப வேண்டியதில்லை. நன்றாக முடித்த இரண்டு மூன்று போதும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் அலுவலக நிரலை எடுத்துப் போடவே கூடாது, ஒரு ஃபைல்கூட. அங்கே தீர்த்த சிக்கலின் தன்மையை மட்டும் எடுத்துக்கொண்டு, கற்பனைத் தரவை வைத்துச் சிறிதாகப் புதிதாக எழுதுங்கள்.