மீனுக்கு வயது என்ன?

மீன் எண்ணெய் என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்காத பிள்ளைகள் உண்டா? இப்போது அது மாத்திரைக்குள் அடங்கிவிட்டது. நம் அம்மாமார் காலத்திலோ கரண்டியில் ஊற்றி, மூக்கைப் பிடித்துக் கொண்டு விழுங்க வைப்பார்களாம். அந்த எண்ணெய் 'காட்' என்னும் மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்படுவது. அட்லாண்டிக் சமுத்திரத்தின் குளிர்ந்த நீரில் வாழும் அம்மீன் நம் மீமிசல் கடலுக்கு ஒருநாளும் வராது. ஆயினும் அதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்த செய்திகள் நம் கடற்கரை ஏலக்கூடம் வரை வந்து சேர்ந்திருக்கின்றன. அதைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

நார்வே நாட்டு மீனவர்களுக்கு நெடுங்காலமாக ஒரு சந்தேகம். ஒரு வருஷம் காட் மீன் வலை கொள்ளாமல் கிடைக்கிறது. மறு வருஷம் வெறும் வலை வருகிறது. காரணம் என்ன? அரசாங்கம் 1864-ஆம் வருஷம் ஜார்ஜ் ஒசியன் சார்ஸ் என்ற இளம் விஞ்ஞானியை லொபோட்டன் தீவுகளுக்கு அனுப்பி ஆராயச் சொன்னது. மீன் முட்டைகள் கடலடியில் கிடக்கும் என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். காட் மீனின் முட்டைகளோ நீரில் மிதப்பதை அவர் கண்டார். பெரிய தாய் மீன் ஒன்று பல லட்சம் முட்டைகள் இடும். அவை அலையிலும் நீரோட்டத்திலும் அலைந்து, மற்ற மீன்களுக்கு இரையானது போக மிகச் சிலவே பிழைக்கும்.

அடுத்து வந்தவர் யோஹான் யோர்ட். எல்லா வருஷமும் குஞ்சுகள் ஒரே அளவில் பிழைப்பதில்லை, நல்ல வருஷம் ஒன்றில் பிறந்த கூட்டமே பல வருஷங்களுக்கு மீனவரைக் காப்பாற்றுகிறது என்று 1914-இல் அவர் எழுதினார். 1904-இல் பிறந்த ஹெர்ரிங் மீன்கள் ஆண்டுக்கணக்கில் வலையில் வந்து கொண்டே இருந்தனவாம். மீன் எந்த வருஷம் பிறந்தது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? மரத்தை அறுத்தால் வளையம் தெரிவது போல, மீனின் செதிலிலும் செவிக்கல்லிலும் வளையங்கள் உண்டு. குளிர்காலத்தில் மீன் மெதுவாக வளரும், கோடையில் வேகமாக வளரும். ஆதலால் வருஷத்துக்கு ஒரு வளையம் விழும்.

செவிக்கல் என்றால் ஏதோ புதுமை என்று நினைக்க வேண்டாம். கத்தாழை மீன் குழம்பில் தலையைக் கடித்தவர்களுக்கு வெள்ளையாக ஒரு கல் பல்லில் இடறியிருக்கும். அதுவேதான். மீன் சாய்வு தெரிந்து நீந்தவும் ஓசை கேட்கவும் அது உதவுகிறது. எங்கள் வகுப்பில் விஞ்ஞானப் பாட வேளையில் கத்தாழைத் தலைகள் ஐந்தைப் பிளந்து கற்களை எடுத்தோம். (நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வகுப்பினர்தான் சொன்னார்கள்.) பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தோம். வளையம் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை.

பிழை எங்களுடையது மட்டும் அல்ல என்று பிறகு அறிந்தோம். பாக் விரிகுடாவில் பனிக்காலம் ஏது? ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான நீர். ஆகையால் இங்குள்ள மீன்களில் வருஷ வளையம் தெளிவாக விழுவதில்லை. நாளுக்கு ஒன்றாக மிக நுண்ணிய வளையங்கள் விழுகின்றன என்று பனெல்லா என்பவர் 1971-இல் எடுத்துக் காட்டினார். ஆனால் கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து உருப்பெருக்கியில் பார்த்தாலன்றி அவற்றை எண்ண முடியாது.

எனவே நம் நாட்டில் பெரும்பாலும் வேறு வழியைக் கையாளுகிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் சென்னையில் தொடங்கி, 1949-இல் மண்டபத்துக்கு மாறியது. 1971-இல் தலைமையிடம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் அதன் மையம் இன்றும் இயங்குகிறது. அதன் ஊழியர்கள் மீன் இறங்கும் துறைகளில் கூடைக்கு அருகே அமர்ந்து மீன்களை அளக்கிறார்கள். மாதந்தோறும் நூற்றுக்கணக்கில் அளந்து கொண்டே போனால், ஒரே சமயத்தில் பிறந்த கூட்டம் எவ்வளவு வேகமாக நீளுகிறது என்பது புலப்படும். வயிற்றைப் பிளந்து சினை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். எந்த நீளத்தில் பெண் மீன்களில் பாதி சினைக்கு வருகின்றனவோ, அதற்குக் குறைந்தவற்றைப் பிடிக்காதிருப்பது நல்லது என்பது கணக்கு.

இந்தக் கணக்கை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்து கடலே சாட்சி. அங்கே 1968-இல் மட்டும் ஏறக்குறைய 8 லட்சம் டன் காட் மீன் பிடித்தார்கள். பெரிய கப்பல்கள் இரவும் பகலும் வலை இழுத்தன. மீன் குறைகிறது என்று கரையோரச் சிறு மீனவர்கள் சொன்னார்கள். விஞ்ஞானிகளின் கணக்கோ கடலில் இருந்ததைவிட அதிகமாக மீன் இருப்பதாகக் காட்டியது. படித்தவர்கள் கணக்கும் தவறும் என்பதை இங்கே குறித்துக் கொள்ளலாம். 1992 ஜூலை 2-ஆம் தேதி மீன்பிடிப்பே தடை செய்யப்பட்டது. சுமார் 30,000 பேர் வேலையிழந்தனர். 32 வருஷங்களுக்குப் பிறகு, 2024-இல்தான் 18,000 டன் என்ற அளவோடு அந்தத் தடையை நீக்கினார்கள். பெரிய மீன்களையே இடைவிடாது பிடித்ததால் அங்குள்ள காட் மீன் இளவயதிலேயே, சிறிய உருவத்திலேயே சினைக்கு வரத் தொடங்கியது என்பதும் ஆராய்ச்சியில் தெரிந்திருக்கிறது.

நம் கரைக்கு வருவோம். விசைப்படகின் இழுவலையில் வரும் பொடி மீனைச் சங்காயம் என்பார்கள். காரல், நண்டுக் குஞ்சு, பெயர் தெரியாத குஞ்சுகள் எல்லாம் அதில் கலந்திருக்கும். காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புவார்கள். எங்களில் ஒருத்தியின் மாமாவிடம், "வலைக் கண்ணைப் பெரிதாகப் போட்டால் இந்தக் குஞ்சுகள் தப்பிக்குமே, மாமா?" என்று கேட்டோம்.

"தப்பிக்கும், அம்மாடி. நான் விட்ட குஞ்சு நேரே பக்கத்துப் படகு வலைக்குள்ள போகும். எனக்கு டீசல் காசு ஆரு குடுப்பா?" என்றார் அவர்.

நாங்கள் வாயடைத்துப் போனோம். ஒருவர் மட்டும் விட்டுக் கொடுத்தால் அவருக்குத்தான் நஷ்டம். எல்லோருக்கும் ஒரே விதி இருந்தால் மட்டுமே அது நடக்கும் என்பதை அவர் வாயால் கேட்டபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. கேரளத்தில் 2015-இல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் விதித்தார்கள். மத்திக்கு 10 சென்டிமீட்டர். நம் தமிழ்நாட்டில் 2001 முதல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் உண்டு. முதலில் 45 நாட்கள், 2017 முதல் 61 நாட்கள். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய, பல மீன்கள் இனம் பெருக்கும் காலம் அது. அந்த இரண்டு மாதமும் மீனவக் குடும்பங்கள் அரசு தரும் நிவாரணத் தொகையையும் கடனையும் நம்பி இருக்க வேண்டியிருக்கிறது. தடைக்காலத்தைக் குறை சொல்லாத அதே மாமா, தொகை போதவில்லை என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

எங்கள் கோடை விடுமுறையும் அதே சமயம்தான் வருகிறது. தடை முடிந்து முதல் பாடு கரை சேரும் அன்று, அவர் படகுக் கூடையில் உள்ள காரல் மீன்களை ஸ்கேல் வைத்து அளந்து எழுத அனுமதி கேட்டிருக்கிறோம். ஏலம் விடுவதற்குள் அளந்து முடிப்பதானால் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்.