கால் வலி போச்சுன்னு கத்தியை எடுக்காதே!

மக்களே, இடுப்பு டிஸ்க் ஆபரேஷன் முடிஞ்சு அருமனைக்கு வந்த நாலாம் நாளே ரப்பர் பால்வெட்டுக் கத்தியைத் தேடினியாமே? அம்மா சொன்னா. நரம்பை நெரிச்ச துண்டை எடுத்தாச்சு, அதான் கால் வலி போச்சு. டிஸ்க் சுவர்ல உள்ள கிழிசல் இன்னும் ஆறலை. வலி இல்லாத இந்த வாரங்கள்லதான் ஆபத்து. அக்கா சொல்றதைக் கேளு.

1. நட. பத்துப் பத்து நிமிஷமா, நாளைக்கு நாலஞ்சு தடவை. ஏத்தம் இறக்கம் வேண்டாம், முற்றம் போதும்.

2. அரை மணிக்கு மேல ஒரே இருப்பு இருக்காதே. மார்த்தாண்டத்துக்கு பைக்கில போறது இப்போ வேண்டாம்.

3. முதல் 6 வாரம் குனிஞ்சு தூக்கறதும், இடுப்பைத் திருப்பறதும் கூடாது. பால் வாளி, கிணத்துத் தண்ணி, மரச்சீனி பிடுங்கறது எல்லாம் இதுல அடக்கம். பால்வெட்டுக்கு மூணு மாசம்கூட ஆகலாம். டாக்டர் சொன்ன பிறகும், நிமிர்ந்து நின்னு வெட்டற மரத்தில இருந்து தொடங்கு.

4. பீடியை விடு. டிஸ்க்குக்கு ரத்த ஓட்டமே குறைவு, நிக்கோட்டின் அதையும் சுருக்கிடும். சுகரையும் பாத்துக்கோ, ஏறினா புண் ஆறத் தாமதமாகும், சீழும் பிடிக்கலாம்.

5. வெளிக்கு இருக்கும்போது முக்காதே. கீரைத் துவரன், ஏத்தம்பழம், நிறைய தண்ணி. குத்தவச்சு இருக்காம கமோடு நாற்காலி போட்டுக்கோ.

6. வர்ம ஆசான்கிட்ட எண்ணெய் போட்டுத் தடவறது, டாக்டர் சம்மதிக்கிற வரைக்கும் வேண்டவே வேண்டாம்.

7. பாதம் மரத்துக் கிடந்தா பயப்படாதே. மாசக்கணக்கா நெரிபட்ட நரம்பு தெளிய மாசக்கணக்கு ஆகும். பயந்து படுத்தே கிடந்தா தேறறதும் தாமதமாகும்.

8. பிசியோதெரபியைத் தள்ளிப்போடாதே. 2021-ல தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில வீட்டுக்கே வந்து செய்வாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில கேளு.

ஒண்ணு மட்டும் மறக்காதே. காய்ச்சல், புண்ணில நீர் ஒழுகறது, பாதம் தூக்க முடியாம போறது, மூத்திரம் அடைக்கறது, உக்காரற இடம் மரத்துப்போறது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதே, உடனே ஆசுபத்திரிக்குப் போ.

வெட்டின பட்டை வளர்ந்து வராம அதே இடத்தில நீ கத்தி வைக்கமாட்டியே. உன் முதுகுக்கும் அதே கணக்குதான், கேட்டியா?