முதியோரும் மருத்துவமனைச் சேர்க்கையும்

சுவாச உறுப்புகளைத் தாக்கும் தொற்று எதுவானாலும் மருத்துவமனையை நிரப்புபவர்கள் முதியோரே என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. இது பாதி உண்மைதான். சேர்க்கை எண்ணிக்கையைச் சரியாகப் புரிந்துகொள்ள மூன்று கேள்விகளுக்கு விடை காணவேண்டும். யாருக்கு நோய் தொற்றுகிறது? தொற்றியவர்களில் யாருக்கு முற்றுகிறது? முற்றியவர்களில் யார் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைகிறார்கள்?

1. தொற்றுவது

2009ஆம் ஆண்டில் பரவிய எச்1என்1 இன்ஃப்ளூயன்சாவை (பன்றிக் காய்ச்சல் என்றோமே, அதுதான்) எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஃப்ளூவில் இறப்போரில் பெரும்பகுதியினர் 65 வயதைக் கடந்தவர்கள். 2009இலோ இறந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் 65 வயதுக்குட்பட்டவர்கள் என மதிப்பிடப்பட்டுள்ளது. காரணம் என்ன? 1918 முதல் 1957 வரை இதே எச்1என்1 குடும்பத்து வைரஸ்கள் உலகில் பரவி வந்தன. அவற்றைச் சிறுவயதில் சந்தித்த முதியோர் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி எஞ்சியிருந்தது. எனினும், அதையும் மீறித் தொற்றிய முதியோருக்கு ஆபத்து அதிகமாகவே இருந்தது.

2. முற்றுவது

2020இல் பரவிய கோவிட் எல்லா வயதினருக்கும் புதிது; பழைய பாதுகாப்பு எவருக்கும் இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, 18–29 வயதினரோடு ஒப்பிட்டால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 65–74 வயதினருக்குச் சுமார் 5 மடங்கு, 75–84 வயதினருக்குச் சுமார் 8 மடங்கு. மரணத்தில் உள்ள வித்தியாசமோ இதைவிடப் பன்மடங்கு. நீரிழிவு, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவை கூடவே இருந்தால் ஆபத்து மேலும் கூடும்.

3. போய்ச் சேருவது

நாம் அதிகம் கவனிக்கவேண்டியது இதைத்தான். முதியோருக்குக் காய்ச்சல் அடிக்காமலேயே நோய் முற்றலாம். திடீர்க் குழப்பம், சாப்பாட்டில் வெறுப்பு, காரணமின்றிக் கீழே விழுதல், ஓயாத அசதி ஆகியவையே முதல் அறிகுறிகளாக வரலாம். "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று வீட்டார் இருந்துவிடுகிறார்கள். மூச்சுத் திணறல் தெரியாமலே இரத்தத்தில் பிராணவாயு குறைவதும் உண்டு. கோவிட்டில் பலருக்கு அறிகுறி தொடங்கி ஒரு வாரம் ஆனபின்தான் நிலைமை மோசமாயிற்று.

ரயில்வேயில் ‘ஹாட் ஆக்சில்’ என்போம். சக்கர அச்சு சூடேறுவதைத் தொடக்கத்திலேயே கண்டால் அந்த ஒரு பெட்டியைக் கழற்றி விடலாம். புகையும் நெருப்பும் வந்தபின் கண்டால் வண்டிக்கே ஆபத்து. உடம்பும் அப்படித்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 93 அல்லது அதற்குக் கீழே காட்டினால் மருத்துவமனை. 90க்குக் கீழே என்றால் கடுமையான நிலை. கோவிட்டுக்கு நம் நாட்டு மருத்துவ வழிகாட்டி வகுத்த அளவு இது. முன்பே நுரையீரல் நோய் உள்ளவர்கள் தமக்குரிய வழக்கமான அளவை மருத்துவரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. கருவி இல்லையேல் கைக்கடிகாரம் போதும். ஓய்வாக இருக்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 24 அல்லது அதற்கு மேல் போனால் தாமதிக்கக்கூடாது.

தடுப்பூசியை மருத்துவர் ஆலோசனைப்படி போட்டுக்கொள்வது முதல் காப்பு. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியே வசிக்கும் முதியோர் நம் சங்கத்திலும் உண்டு. நோய் பரவும் நாட்களில் தினம் ஒருமுறை அவர்களுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.