தங்கவயல் கட்டடங்களுக்கு ஏன் இத்தனை ஆய்வு?

கேள்வி: கோலார் தங்கவயலில் பூட்டிக்கிடக்கும் சுரங்கக் கட்டடங்களை உடனே அருங்காட்சியகமாக்கினால் என்ன? எதற்கு ஆய்வு?

பதில்: ஆசை நியாயமானதுதான். தமிழ்நாட்டிலிருந்து போய் இறங்கிய எத்தனையோ குடும்பங்களின் வியர்வை அந்தச் சுவர்களில் இருக்கிறது. ஆனால் 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது விஷமும் கூடவே மூடிக்கொண்டு போய்விடவில்லை.

தாதுவை மாவாக இடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய சக்கைதான் இன்று ஊர் நடுவே நிற்கும் 'சயனைடு மலை'. காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டுத் திண்ணை வரை வரும். சயனைடு வெயிலில் மெல்லச் சிதையும். ஆனால் சக்கையிலுள்ள கன உலோகங்கள் சிதையாது. பழைய ஆலைகளில் தங்கம் பிடிக்கப் பாதரசமும் புழங்கியது. அது தரை விரிசலில் தங்கும். ஆகவே துடைப்பத்தை எடுக்கும் முன்பே தரைமண்ணைச் சுரண்டிப் பரிசோதிக்க வேண்டும். பழைய கூரைத் தகட்டில் கல்நார் இருந்தால், உடைக்கும்போது பறக்கும் இழை நுரையீரலுக்கு எமன். துருவேறிய இரும்புக் கோபுரத்துக்குக் கீழே இருப்பதோ சுரங்கக் கிணறு. இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம்!

இடித்துத் தள்ளுவதற்குச் சாக்காக ஆய்வு நடந்தால் எதிர்க்கலாம். காப்பாற்றுவதற்காக நடந்தால், பொறுத்திருங்கள். அதுவரை பேரப்பிள்ளைகளைப் படம் எடுக்க உள்ளே அழைத்துப் போகாதீர்கள்.