புற்றுநோய்க் கலங்கள் குருதி வழியே பரவுவது எவ்வாறு?



“புற்றுநோய் பரவும்” என்று சரியாக எழுதிவிட்டு, அடுத்த வினாவில் அதனைத் தொற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்துப் புள்ளியை இழப்போர் பலர். ஒரே சொல் இரு பொருளில் வழங்குவதே இதற்குக் காரணம். டெங்கு நோய் நுளம்பு மூலம் ஒருவரிலிருந்து இன்னொருவருக்குப் பரவுகிறது. புற்றுநோயோ ஒருவரது உடலுக்குள்ளேயே ஓர் அங்கத்திலிருந்து இன்னோர் அங்கத்திற்குப் பரவுகிறது. எனவே இது தொற்றா நோயாகும். நோயாளியின் கோப்பையை ஒதுக்கி வைப்பது அறியாமை.

இனி, உடலினுள் இது பரவும் முறையைப் பார்ப்போம்.

1. வெண்குருதிக் கலங்களின் வழி

காலில் முள் குத்தினால் வெண்குருதிக் கலங்கள் குருதிக் கலனை விட்டு வெளியேறி அவ்விடத்தை அடைகின்றன. வேகமாக ஓடும் குருதியில் அவை எவ்வாறு நிற்கின்றன?

வாய்க்கால் நீரில் அடித்துச் செல்லப்படும் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கரையிலுள்ள புல்லைப் பிடிக்கிறான். புல் கையை விட்டு வழுகினாலும் அவனது வேகம் குறைகிறது. பின்னர் மரவேரை இறுகப் பற்றிக் கரையேறுகிறான். இங்கு,
• புல் – செலெக்ரின்: தளர்வாகப் பிடித்து வேகத்தைக் குறைக்கும்.
• வேர் – இன்ரெகிரின்: இறுகப் பற்றி நிறுத்தும்.

இவை கலங்களின் மேற்பரப்பிலுள்ள ஒட்டும் மூலக்கூறுகள், புரதங்களாலானவை. பெயர்கள் உங்கள் பாடத்திட்டத்திற்கு அப்பாற்பட்டவை. செயன்முறையை விளங்கிக்கொண்டால் போதும்.

2. புற்றுநோய்க் கலங்கள் அவ்வழியைப் பயன்படுத்தல்

(அ) பிரிதல்: மேலணிக் கலங்களைக் கடெரின் என்னும் புரதம் ஒன்றுடனொன்று பிணைத்து வைத்திருக்கும். இப்பிணைப்புத் தளர்ந்ததும் சில புற்றுநோய்க் கலங்கள் கட்டியிலிருந்து பிரிந்து குருதியையோ நிணநீரையோ அடைகின்றன.

(ஆ) பயணம்: குருதியோட்டத்தின் விசையாலும் நிர்ப்பீடனத் தொகுதியின் தாக்குதலாலும் பெரும்பாலானவை அழிகின்றன. சிலவற்றின் மீது குருதிச் சிறுதட்டுக்கள் ஒட்டிக் கவசம்போல் மூடுகின்றன. காயத்தை அடைக்க உதவும் சிறுதட்டே இங்கு பகைவனுக்கு உதவுகிறது.

(இ) ஒட்டுதல்: பெருங்குடற் புற்றுநோய் போன்ற பலவற்றின் கலங்கள், செலெக்ரின் பிடிக்கக்கூடிய வெல்லக் கட்டமைப்புக்களை மேற்பரப்பில் கொண்டுள்ளன. ஆகவே வெண்குருதிக் கலங்களைப் போலவே அவையும் குருதிக் கலனின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன.

(ஈ) வெளியேறிக் குடியேறல்: சுவரின் கலங்களுக்கிடையே நுழைந்து இழையத்தை அடைகின்றன. அங்கு பெருகக்கூடியவை மிகச் சிலவே. அவையே புதிய கட்டியாகின்றன.

3. குறித்த சில அங்கங்களில் மட்டும் ஏன்?

1889இல் ஸ்டீபன் பஜெற் என்னும் ஆங்கிலேய மருத்துவர், கலங்களை வித்துக்கும் அங்கத்தை மண்ணுக்கும் ஒப்பிட்டார். பொருத்தமான மண்ணிலேயே வித்து முளைக்கும். குருதி செல்லும் பாதையும் முக்கியமானது. பெருங்குடலிலிருந்து குருதி ஈரல்வாயினாளம் வழியாக ஈரலை அடைவதால், பெருங்குடற் புற்றுநோய் பெரும்பாலும் ஈரலுக்கே பரவுகிறது.

4. நினைவிற் கொள்க

புற்றுநோய் மரணங்களில் பெரும்பாலானவை நோய் பரவிய பின்னரே நிகழ்கின்றன. பரவுமுன் கண்டறிந்தால் குணமடையும் வாய்ப்பு மிக அதிகம். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். புகையிலையும் பாக்கும் சேர்ந்த வெற்றிலைக் கூறு இதற்கு முக்கிய காரணமாகும். வீட்டில் எவருக்கேனும் வாய்ப்புண் மூன்று வாரங்களாகியும் ஆறாவிடின் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

5. மாதிரி வினா

வினா: புற்றுநோய் குருதி வழியே பரவியபோதிலும் அது தொற்றா நோய் எனப்படுவது ஏன்?

விடை: புற்றுநோய்க் கலங்கள் நோயாளியின் உடலுக்குள்ளேயே குருதி வழியே ஏனைய அங்கங்களை அடைகின்றன. தொடுகை, உணவு, வளி என்பன மூலம் பிறருக்குக் கடத்தப்படுவதில்லை.