அவசரப் பிரிவில் யாருக்கு முதலிடம்?

மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவரை ஓர் இரவு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நாம் அழைத்துச் செல்ல நேர்ந்தது. நெடுநாள் சர்க்கரை நோயாளி. உடம்பெல்லாம் வியர்வை, மூச்சு வாங்கியது. வாசலில் இருந்த நர்ஸ், "என்ன செய்கிறது?" என்று கேட்டார். "ஒன்றுமில்லையம்மா, வாயுத் தொல்லைதான். அல்ஹம்து லில்லாஹ்" என்றார் பெரியவர். நாமும் வாய் திறக்கவில்லை. ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

அந்நேரம் ஓர் இளைஞர் சிறுநீரகக் கல்லின் வலி தாங்காமல் கதறிக்கொண்டிருந்தார். "இப்படித் துடிக்கிறவனைக் கவனிக்க ஆளில்லையா?" என்று அவருடைய உறவினர்கள் சண்டையிட்டார்கள். நாம் அவருக்காக இரக்கப்பட்டோமே தவிர, நம் பக்கத்தில் மௌனமாக அமர்ந்திருந்தவரைக் கவனிக்கவில்லை. அவ்வழியே சென்ற டாக்டர் ஒருவர் பெரியவரின் முகத்தைக் கண்டு நின்றார். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், மாரடைப்பு! அல்லாஹ்வின் கிருபையால் அவர் பிழைத்தார். ஆயினும், வீணாகிப்போன அந்த நேரத்திற்கு நம் மௌனமும் ஒரு காரணம் என்பதை நாம் மறக்க முடியவில்லை. ஆகவேதான் இதுபற்றி எழுத முற்பட்டோம்.

தரம் பிரிப்பது ஏன்?

கடையில் முதலில் வந்தவருக்கு முதலில் கொடுப்பது நியாயம். அவசரப் பிரிவில் அதுவே அநியாயமாகிவிடும். அங்கே யாருடைய உயிர் அதிக ஆபத்தில் இருக்கிறதோ அவருக்கே முதலிடம். இவ்வாறு தரம் பிரிப்பதை 'ட்ரையாஜ்' என்கிறார்கள். பிரித்தெடுத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் இது. 1798இல் நெப்போலியனின் படையுடன் எகிப்துக்கு வந்த லாரே என்ற அறுவை மருத்துவர், பதவியைப் பாராமல் மிக ஆபத்தான காயம்பட்டவருக்கே முதலில் சிகிச்சை என்ற முறையை வகுத்தவர்களில் முக்கியமானவர்.

இன்று பல நாடுகளில் வழங்கும் முறை ஒன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பிறந்தது. 1994இல் அந்நகரின் டாக்டர்களும் நர்ஸ்களும் ஒன்றுகூடி இதை உருவாக்கத் தொடங்கினார்கள். அதில் ஐந்து நிறங்கள் உண்டு. சிவப்பு என்றால் உடனடியாக. ஆரஞ்சு 10 நிமிடத்திற்குள். மஞ்சள் 60 நிமிடம். பச்சை 120 நிமிடம். நீலம் 240 நிமிடம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்திலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற பிரிவுகள் உள்ளன.

வலி வேறு, ஆபத்து வேறு

மான்செஸ்டர் முறையில் வலிக்கும் இடமுண்டு. கடுமையான வலி ஒருவரை ஆரஞ்சு நிறத்திற்கு உயர்த்தும். ஆனால் வலி எவ்வளவு கடுமையாயினும் அது ஒன்றே சிவப்பைப் பெற்றுத் தராது. மூச்சுத் தடை, இரத்த ஓட்டம் குன்றிப்போதல் போன்றவற்றுக்கே அது உரியது.

கல் வலி மனிதனைப் புரட்டி எடுத்துவிடும். எனினும் பெரும்பாலும் அந்த நேரத்தில் உயிரைப் பறிப்பதில்லை. பக்கவாதமோ பெரும்பாலும் வலியின்றியே வருகிறது. வாய் கோணுகிறது, கை விழுகிறது, பேச்சுக் குழறுகிறது, அவ்வளவுதான். ஆனால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் கொடுத்தாக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் மாரடைப்பே நெஞ்சு வலியின்றி வரக்கூடும். ஆகவே, கதறுகிறவரை விட்டுவிட்டு மௌனமாக இருப்பவரை உள்ளே கொண்டு சென்றால் கோபப்படலாகாது.

அப்படியானால் வலியைப் பொருட்படுத்த வேண்டாமா? வேண்டும். காத்திருப்பவருக்கும் வலி தணிக்கும் மருந்து கேட்கும் உரிமை உண்டு. வயிற்று வலிக்கு மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்று டாக்டர்கள் முன்பு அஞ்சினார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் அந்த அச்சத்தை மெய்ப்பிக்கவில்லை.

வலியை எல்லோரிடத்திலும் ஒன்றுபோல் மதிக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. 1993இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் கை, கால் எலும்பு முறிந்து வந்தவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு வெளியாயிற்று. வலி மருந்தே பெறாதவர்கள் வெள்ளையரில் 26 சதவீதம். ஹிஸ்பானிய இனத்தவரில் 55 சதவீதம். 2008இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், வயிற்று வலியுடன் வந்த ஆண்கள் மருந்துக்காகச் சுமார் 49 நிமிடமும் பெண்கள் 65 நிமிடமும் காத்திருந்தது தெரிய வந்தது. நம் வீட்டுப் பெண்கள் வலியைச் சொல்வதே அரிது. சொல்லும்போதாவது நாம் செவி கொடுக்க வேண்டாமா?

ஸப்ர் என்பது மறைப்பதல்ல

வலியை வெளியிட்டால் ஸப்ரின் நன்மை போய்விடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். இது தவறு. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் நூலில், நோயாளி தன் வேதனையைச் சொல்வது ஆகும் என்பதற்கென்றே ஒரு பாடம் அமைத்திருக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களே தம் தலைவலியை வாய்விட்டுச் சொன்ன செய்தி அதில் வருகிறது. பொறுமைக்கு எடுத்துக்காட்டான அய்யூப் (அலை) அவர்களும் தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். இறைவிதியை நொந்து பேசுவது வேறு; டாக்டரிடம் உள்ளதைச் சொல்வது வேறு.

அதேபோல், முன்னால் செல்வதற்காக வலியை மிகைப்படுத்துவதும் கூடாது. அது பொய் என்பதுடன், மற்றொரு நோயாளியின் ஹக்கைப் பறிப்பதுமாகும்.

நாம் செய்ய வேண்டியவை

1. நோய் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைச் சொல்லுங்கள். பக்கவாதமானால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பது முக்கியம்.

2. வலி எந்த இடத்தில், எங்கே பரவுகிறது என்று கூறுங்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டால், கூட்டாமல் குறைக்காமல் ஓர் எண்ணைச் சொல்லுங்கள்.

3. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் இருப்பின் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

4. பெண்ணிடம் கேட்கும் கேள்விக்குக் கணவர் பதில் சொல்ல வேண்டாம். அவர் கூச்சப்பட்டால் பெண் நர்ஸை அழைக்கச் சொல்லுங்கள்.

5. வளரும் பையன்கள் அடிவயிற்று வலி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவதுண்டு. விரை முறுக்கிக்கொண்டால் சுமார் ஆறு மணி நேரத்திற்குள் சரிசெய்வது அவசியம். தாமதித்தால் அவ்வுறுப்பையே இழக்க நேரிடலாம். இதில் வெட்கம் கூடாது என்பதைத் தகப்பனார் முன்பே கற்றுக்கொடுக்க வேண்டும்.

6. காத்திருக்கும்போது நிலை மோசமானால் நர்ஸிடம் மீண்டும் சென்று சொல்லுங்கள். முதலில் கொடுத்த நிறம் முடிவான தீர்ப்பல்ல. நிலை மாறினால் அதுவும் மாறும்.

அன்பர்களே! அவசரப் பிரிவில் நமக்கு முன்னால் அழைக்கப்படுகிறவர் நம் முறையைப் பறித்தவர் அல்லர். நம்மைவிட ஆபத்தில் இருப்பவர். நாளை அந்த இடத்தில் நம் வாப்பாவோ உம்மாவோ இருக்கலாம். உள்ளதை உள்ளபடி சொல்வோம். நம்முடன் வந்தவரின் மௌனத்தையும் சேர்த்துக் கவனிப்போம். நோயுற்ற யாவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.