வங்கி ஏலத்திலிருந்து வீட்டைக் காத்துக்கொள்வது எப்படி?

வியாபாரத்துக்கு முதல் தேடும்போது நம்மில் பலர் குடியிருக்கும் வீட்டின் உறுதியையே வங்கியில் ஈடு வைக்கின்றோம். வியாபாரம் தளர்ந்து தவணைகள் தவறினால் கடையோடு வீடும் கைநழுவும் நிலை வரும். எனினும் வங்கியின் முதலாவது கடிதத்துக்கும் ஏலத்துக்கும் இடையில் செய்யக்கூடியவை பல உள்ளன. அவற்றை எவ்வளவு முந்திச் செய்கிறோமோ அவ்வளவு பயன் கிடைக்கும்.

பராட்டே அதிகாரம்

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வர்த்தக வங்கிகள் வழக்குத் தொடராமலேயே ஈட்டுச் சொத்தைப் பகிரங்க ஏலத்தில் விற்கலாம். இதற்குப் பணிப்பாளர் சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அத்தீர்மானம் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வெளிவர வேண்டும். ஏலத் திகதியும் குறைந்தது 14 நாட்களுக்கு முன் அறிவிக்கப்பட வேண்டும். 2024இல் பாராளுமன்றம் இவ்வதிகாரத்தைத் தற்காலிகமாக இடைநிறுத்தியது. நீடிக்கப்பட்ட அச்சலுகை 2025 மார்ச் 31உடன் முடிவடைந்தது. இன்னொரு சலுகை வருமென்று காத்திருப்பது புத்திசாலித்தனமல்ல.

செய்ய வேண்டியவை

1. தீர்மானத்துக்கு முன்பே பேசுங்கள். விற்பனைக் கணக்கு, கையிருப்பு, வரவேண்டிய கடன்கள் ஆகியவற்றுடன் சென்று, தவணைக் காலத்தை நீடித்துக் கடனை மீளட்டவணைப்படுத்தக் கேளுங்கள். இணக்கத்தை எழுத்தில் பெறுங்கள். முகாமையாளரின் வாய்வார்த்தை ஏலத்தை நிறுத்தாது.

2. கடன் தொகையைப் பாருங்கள். 2011இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பெற்ற முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவாயின் இச்சட்டத்தின் கீழ் ஏலம் விட முடியாது. வட்டியும் தண்டமும் இக்கணக்கில் சேரா. ஆயினும் வங்கி நீதிமன்றம் செல்லலாம்.

3. உறுதி யார் பெயரில் உள்ளது? கடனாளியல்லாத ஒருவரின் சொத்துக்கு இச்சட்டம் பொருந்தாதென 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்தையோ சகோதரரோ ஈடு வைத்திருந்தால் இதைச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். கம்பனிக் கடனுக்குப் பணிப்பாளர் வைத்த சொத்தின் நிலை வேறுபடலாம்.

4. ஏலத் திகதிக்கு முன் கடன், வட்டி, செலவு அனைத்தையும் செலுத்தினால் விற்பனை நிறுத்தப்பட வேண்டும். நிலுவைத் தவணைகளை மட்டும் செலுத்தினால், நிறுத்துவது பணிப்பாளர் சபையின் விருப்பம்.

5. நீங்களே விற்பதையும் யோசியுங்கள். ஏலத்தில் சொத்து பெரும்பாலும் சந்தை விலைக்குப் போவதில்லை. வங்கியின் சம்மதத்துடன் விற்றால், வாங்குபவர் வங்கிக்குரியதைச் செலுத்தி ஈட்டை விடுவிக்க, மிகுதி உங்கள் கைக்கு வரும்.

6. அறிவித்தல்களில் குறை இருந்தால் ஏலத்துக்கு முன்பே நீதிமன்றத்தில் தடையுத்தரவு கோரலாம். ஆனால் வழக்கு நீளும்போது வட்டியும் வளரும். நியாயமான காரணமின்றிக் காலம் கடத்த வழக்காடினால் கடனே பெருகும்.

ஒரு விடயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. வங்கியை அடைக்கவென வெளியே வட்டிக்குப் பணம் பெற்று, அதற்காக வீட்டை அறுதி உறுதியாக எழுதிக் கொடுப்போர் உள்ளனர். ‘காசைத் தந்ததும் திருப்பி எழுதித் தருவேன்’ என்ற வாக்கு உறுதியில் எழுதப்படாவிட்டால், அதை நிரூபிப்பது மிகக் கடினம். வங்கி ஏலத்திலாவது அறிவித்தல் உண்டு. கடன் போக மிகுதியும் உரியவருக்கே சேரும். இங்கு கையொப்பமிட்ட அன்றே வீடு போய்விடுகிறது.

ஆகவே, இரண்டு தவணைகள் தவறும் நிலை தெரிந்தவுடனேயே வங்கிக்கும் சட்டத்தரணியிடமும் செல்லுங்கள். வர்த்தமானியில் பெயர் வந்த பின்னர் ஓடுவதைவிட அது பல மடங்கு இலகுவானது.